மகளுக்குத் தாடை ஆபரேஷன்: நரம்பில் ஊசி போட்டால் வாய் கோணிப்போகுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 22 வயது, எடை 44 கிலோ. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. சின்ன வயதிலிருந்தே கீழ்த்தாடை முன்னால் நீண்டு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சேராது. இரண்டு வருடமாகப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் முன்பு கீழ்ப்பக்க ஞானப் பற்கள் இரண்டையும் எடுத்தார்கள். வருகிற ஐப்பசியில் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் ஆபரேஷன். தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

மயக்க மருந்து டாக்டர் இவர்களிடம், "முழு மயக்கம் கொடுத்த பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கன்னத்துப் பக்கம் நரம்புகளுக்கு ஊசி போடுவோம். எழுந்ததும் வலி குறைவாக இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குத் தனிக் கட்டணம். அங்கேதான் இந்தத் தாய்க்குப் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததாம், "நரம்பு" என்றார்களாம். மகளுக்கும் அப்படி ஆகிவிட்டால்? ஸ்கேன் கதிர் பட்டால் நாளைக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? நரம்பு ஊசி போட்ட பிறகு முழு மயக்கம் எதற்கு? நாத்தனாருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு ஊசியே கிடையாது என்கிறார்களே, எங்களை வைத்துச் சோதனை செய்கிறார்களா? வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "இது எதுவும் அவளுக்குத் தெரியாது. பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. அவளுக்குப் பதில் நாங்களே கையெழுத்து போட்டுவிடலாம் என்று இருக்கிறோம்."

அம்மா, உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றும் கேட்க வேண்டியவைதான். அந்தக் கடைசி வரிகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஊசியைப் பார்ப்போம்.

முகத்தை அசைப்பது ஒரு நரம்பு, வலியைச் சொல்வது வேறு நரம்பு

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாதிக்கப்பட்டது பெரும்பாலும் ஏழாவது மூளை நரம்பாக இருக்கும். கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அதன் வேலை. அது செயலிழந்தால் வாய் கோணும். உங்கள் மகளுக்கு மருந்து செலுத்தப்போவது ஐந்தாவது நரம்பின் கிளைகளுக்கு. முகத்தில் தொட்டால் தெரிவதும், சூடு குளிர்ச்சி தெரிவதும், பல் வலி தெரிவதும் இந்த நரம்பால்தான். இதற்கு மூன்று பெரிய கிளைகள். நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. பின்னால் சொன்ன இரண்டும் மண்டை ஓட்டிலிருந்து வெளியே வரும் இடத்துக்கு அருகில் மருந்தை வைத்தால், அந்தப் பக்கத்துத் தாடை, பல், ஈறு, உதடு எல்லாம் சில மணி நேரத்துக்கு மரத்துப்போகும்.

இந்த வகை ஊசியை உங்கள் மகள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறாள். ஞானப் பல் எடுத்த அன்று கீழுதடு பாதி தடித்துப்போனது போல இருந்ததா, மூன்று நான்கு மணி நேரத்தில் சரியானதா என்று கேட்டுப் பாருங்கள். அது கீழ்த்தாடை நரம்புக்குப் போட்ட ஊசி. இப்போது போடப்போவது அதே நரம்பின் தண்டுக்கு, கொஞ்சம் மேலே.

சோதனையா என்று கேட்டீர்கள். நரம்பருகே மருந்து செலுத்தி மரத்துப்போக வைக்கும் வழி தொடங்கியதே ஏறக்குறைய தாடையில்தான். 1884இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் கீழ்த்தாடை நரம்புக்கு அருகே கொக்கெய்ன் செலுத்திப் பார்த்தார்கள். அந்த மருந்தை இன்று யாரும் இப்படிப் பயன்படுத்துவதில்லை. பியூபிவகெய்ன், ரோபிவகெய்ன் போன்றவை வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்தது ஸ்கேன் மட்டும்தான். நாத்தனாருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் இது இல்லாததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நல்ல கருவி வேண்டும், பழகிய கை வேண்டும். போதாக்குறைக்கு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டத்தின்படி ஸ்கேன் கருவி உள்ள இடம் பதிவு செய்திருக்க வேண்டும். நரம்பு பார்க்க மட்டும் வைத்திருக்கும் கருவிக்கும் அது பொருந்தும்.

இந்த ஸ்கேனில் கதிர் எதுவும் கிடையாது. வயிற்றில் குழந்தை இருக்கும்போது பார்க்கிறார்களே, அதே ஒலி அலைதான். எக்ஸ்ரேயோடு சேர்த்து நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒலி அலை எலும்பைத் தாண்டிப் போகாது. கழுத்திலோ தொடையிலோ நரம்பு திரையில் தெளிவாகத் தெரிவது போல முகத்தில் தெரியாது. கன்ன எலும்புக்குக் கீழே கருவியை வைத்தால் எலும்பின் விளிம்பும், தசையும், துடிக்கும் ரத்தக் குழாயும், ஊசியின் முனையும், மருந்து பரவுவதும் தெரியும். பல நேரம் நரம்பை நேராகப் பார்ப்பதில்லை. அது இருக்கும் இடத்தை இவற்றைக் கொண்டு கணிக்கிறோம். இருந்தாலும் இது பெரிய உதவி. மேல்தாடைக்குப் போகும் முக்கிய ரத்தக் குழாய் அங்கேதான் வளைந்து போகிறது. கண்ணை மூடிக்கொண்டு போவதற்கும், அது துடிப்பதைப் பார்த்து விலகிப் போவதற்கும் வித்தியாசம் உண்டு.

முழு மயக்கம் எப்படியும் வேண்டும். மேல்தாடையை அறுத்து நகர்த்தி, கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை அது. மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் போட்டுத்தான் செய்வார்கள். ஊசி போடும்போது உங்கள் மகள் தூக்கத்தில் இருப்பாள், குத்துவதே தெரியாது. அந்த ஊசி எழுந்த பிறகான நேரத்துக்காக.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. ரத்தக் குழாயில் பட்டால் கன்னத்தில் ரத்தம் கட்டி வீங்கும். மருந்து பக்கத்தில் பரவி ஏழாவது நரம்பின் கிளையைத் தொட்டால் கண் இமை சில மணி நேரம் மூடாமல் இருக்கும். உங்கள் பயத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். மருந்தின் வேகம் இறங்கியதும் இது சரியாகிவிடும். அதுவரை கண் காயாமல் சொட்டு மருந்து விட்டு மூடி வைப்பார்கள். நரம்புக்கே நிரந்தரக் காயம் ஏற்படுவது மிக அரிது. மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் சேர்ந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். இதுவும் அரிது. ஆனால் இதற்காகத்தான் எடையைக் கணக்குப் பார்க்கிறோம்.

உங்கள் மகளின் 44 கிலோவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பியூபிவகெய்ன் என்றால் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் 88 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 2.5 மில்லிகிராம் இருக்கும். நான்கு இடத்தில் ஐந்து ஐந்து மில்லி போட்டாலும் 50 மில்லிகிராம்தான். எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் ரத்தம் அதிகம் வராமலிருக்க, அறுவை மருத்துவரும் வாய்க்குள் அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போடுவார். லிக்னோகெய்னும் இதே குடும்பத்து மருந்து. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தீர்களா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். 20 சதவீதக் கொழுப்பு மருந்து தியேட்டரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மரக்கும் மருந்தின் நச்சுக்கு அதுதான் சிகிச்சை. நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

ராத்திரி இரண்டு மணி

இந்த ஊசிக்கு நான் ஏன் ஆதரவாகப் பேசுகிறேன் என்றால், முதல் ராத்திரிக்காகத்தான்.

தாடை ஆபரேஷன் முடிந்து எழுபவருக்கு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ரப்பர் பேண்டால் கட்டியிருக்கும். மூக்கு அடைத்திருக்கும். எச்சிலோடு ரத்தம் கலந்து வரும். முகம் வீங்கிக்கொண்டே போகும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்கு வரும். இந்த நிலையில் வலிக்கு மார்ஃபின் போன்ற பலமான மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் குமட்டல் வரும். வாய் கட்டிய நிலையில் வாந்தி வருவது எத்தனை பெரிய பயம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நரம்பு ஊசி போட்டவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் அந்த மருந்துகள் குறைவாகத் தேவைப்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு மேல் இந்த ஊசியிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரத்து வலியை இது எடுத்துவிடாது.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், வேறொரு ஊரில், தாடை கட்டிய ஒரு இளைஞர் ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். தூக்கம் வராமல் தட்டுகிறார் என்று நினைத்தோம், நானும்தான். காலையில் நோட்டில் எழுதிக் காட்டினார்: "வலி". மதியம் போட்ட ஊசி ராத்திரி இறங்கியிருந்தது. அடுத்த மருந்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு ஊசி போட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில் எழுதாமல் நான் தியேட்டரை விட்டு வந்ததில்லை.

நீங்களும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு ஊசி போட்டார்கள் என்று. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் மரத்திருக்கலாம். சேர்க்கும் மருந்தைப் பொறுத்துக் கூடவும் செய்யும். சாயங்காலம் போட்டது ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கும், வலி ஒரேயடியாக மேலே வரும். மகள் வலிக்கவில்லை என்கிறாள், மருந்து எதற்கு என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில்தான் அடுத்த மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். 44 கிலோவுக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்குச் சுமார் 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. வாய் கட்டியிருப்பதால் முதலில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள், அப்புறம் சிரப். இதோடு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையில் ஒன்று சேர்ப்பது வழக்கம். மகளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் வைக்காதீர்கள். இந்த வகை மாத்திரை சிலருக்கு வீசிங்கைக் கிளப்பும். மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

மரத்திருக்கும் நேரத்தில் சூடான கஞ்சி கொடுக்க வேண்டாம். உதடு வெந்தாலும் அவளுக்குத் தெரியாது. நம் வீட்டுக் கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, ஆற வைத்து, டாக்டர் அனுமதித்த பிறகு சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மோர், பருப்புத் தண்ணீர், இளநீர் எல்லாம் அப்படித்தான். தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். ரப்பரை வெட்டும் கத்தரிக்கோல் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்று நர்ஸை விட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூச்சு விடச் சிரமம், கழுத்து வேகமாக வீங்குவது, நிற்காத ரத்தம், இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

உதடு மரத்தே இருந்தால்

இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கீழ்த்தாடையைப் பிளக்கும்போது அதற்குள்ளே ஓடும் நரம்பு இழுபடும். அதனால் கீழுதடும் மோவாயும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருப்பது இந்த ஆபரேஷனில் சகஜம். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிலைத்தும் விடும். இதை அறுவை மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தையில் மகளுக்கு உதடு மரத்திருந்தால் "அந்த ஸ்கேன் ஊசிதான் காரணம்" என்று வீட்டில் பேச்சு வரும். ஊசியின் மரப்பு ஒரு நாளில் போய்விடும். அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எலும்பு அறுத்ததன் விளைவு. ஆபரேஷனுக்கு முன் பஞ்சால் தொட்டு, எங்கே எவ்வளவு தெரிகிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எழுந்த உடனேயே உதட்டு உணர்ச்சியைச் சோதிக்க விரும்பும் அறுவை மருத்துவர்கள் உண்டு. ஊசி அதை மறைத்துவிடும். கீழ்த்தாடைத் தண்டு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகப் போட்டால் நாக்கும் மரத்து, எச்சில் விழுங்குவது சிரமமாகும். அதனால் கீழ்ப்பக்கத்தை விட்டுவிட்டு மேல்தாடைக்கு மட்டும் ஸ்கேன் ஊசி போடுவோரும் இருக்கிறார்கள். இரண்டு டாக்டர்களும் இதை ஒருவரோடொருவர் பேசிவிட்டார்களா என்று கேளுங்கள்.

என் கருத்து இதுதான். இந்த ஊசியை வழக்கமாகப் போட்டுப் பழகிய கை என்றால் சரி என்று சொல்லுங்கள். "இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. பதிலில் தயக்கம் தெரிந்தால், அறுவை மருத்துவரே வாய்க்குள் போடும் ஊசியும், மணி தவறாத வலி மருந்தும் போதும். மகளுக்கு அது குறைவான சிகிச்சை ஆகிவிடாது. வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் மகளின் உரிமை. அதற்காக ஆபரேஷனை மறுக்க மாட்டார்கள். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு ராத்திரி ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறவர்கள், பாஷை தெரியாத ஊரில் கையில் ஃபைலோடு டாக்டரை மடக்கி மடக்கிக் கேட்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரரான நீங்கள் கேட்கத் தயங்க வேண்டாம்.

கையெழுத்து யாருடையது

22 வயதுப் பெண்ணுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்து போட முடியாது அம்மா. 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. வயது வந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கூடுதலாக ஒரு பெரிய ஆபரேஷனைச் செய்துவிட்டார்கள். தாயின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தாயும் மகளின் நல்லதை நினைத்துத்தான் சரி என்றிருப்பார்.

சட்டத்தை விடுங்கள். வாய் கட்டி, உதடு மரத்து, முகம் வீங்கி எழுந்திருக்கப்போவது அவள். என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்த பெண் அந்த ராத்திரியைத் தாங்கும் விதம் வேறு, ஒன்றும் தெரியாமல் கண் விழிக்கிற பெண் தவிக்கும் விதம் வேறு. இரண்டையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் பல்லில் கம்பியோடு ஷிஃப்ட்டுக்குப் போய் வந்த பெண் இதைக் கேட்டு உடைந்துபோவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணத் தேதியையும் அவளோடு சேர்ந்து யோசியுங்கள். ஐப்பசிக்கும் தைக்கும் நடுவே மூன்று மாதம்தான். எலும்பு கூடவே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஆபரேஷனுக்குப் பிறகும் பல் கம்பி பல மாதம் இருக்கும், அதனால் பெரும்பாலும் கம்பியோடுதான் மணமேடை. லேசான வீக்கமும் மிச்சமிருக்கலாம். தள்ளி வைப்பதா வேண்டாமா என்பதில் முதல் வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவளை வெளியே உட்கார வைக்காதீர்கள். கூட ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். கேள்விகளை அவளே எழுதட்டும். அந்த நோட்டையே ஆபரேஷன் அன்றும் கொண்டுபோங்கள், வாய் கட்டியிருக்கும்போது அவள் பேசுவதற்கு அதுதான் இருக்கும். முதல் பக்கத்தில் ஊசி போட்ட நேரத்தை எழுதி வையுங்கள்.